புழுவுக்கு வந்த அஜீரணம்

போன வாரம் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரர் அதைப் படித்து முடித்து, பத்திரிகையை மடித்து டீப்பாயில் போட்டுவிட்டு, "இது இன்னும் எத்தன வாரம் ஓடும்?" என்று மட்டும் கேட்டார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. இந்த வாரமும் அவர்தான் வருகிறார்.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வயல். புரட்டாசி மழை ஒன்று பெய்து ஓய்ந்த காலை. தாடகை மலையின் தலை மேகத்துக்குள் போயிருந்தது. உழுது போட்டிருந்த சேறு, ஊறவைத்த வைக்கோல் மாதிரி வாசம் அடித்தது. முட்டளவு சேற்றில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் ஞானதாஸ், சவுதியிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வந்த நீல நைலான் கயிற்றை வயலின் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் அவருடைய சித்தப்பா மகன் ஆல்பர்ட்.

"அந்தப் பக்கம் ஒனக்கு, இந்தப் பக்கம் எனக்கு" என்றார் இவர், கரையில் நின்ற என்னைப் பார்த்து. "ஒன் பாதியில நீ பாக்டீரியா வளத்துக்க. என் பாதியில நான் நெல்லு வளத்துக்கிடுதேன்."

"கயிறு போதாது. வரப்பு போடணும். வெள்ளம் கலந்தா என் பாக்டீரியா ஒங்க பக்கம் வந்திரும்" என்றேன்.

"வந்தா வாடக வாங்கிக்கிடுதேன்."

ஆல்பர்ட் என்னைப் பார்த்துக் குலுங்கிச் சிரித்தான். "மைனி, ஒங்க பக்கம் ஒரு முழம் கூடுதலாட்டு வந்திருக்கு, பாத்துக்கிடுங்க. கிருமிக்கும் நிக்க எடம் வேணும்லா."

இந்த ஆல்பர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவனுக்கு ஊரில் ஒரு கடை. முன்பக்கம் பூச்சிமருந்து. பின்பக்கம் ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே வீட்டுமனை வியாபாரம். பயிர் பிழைக்க வேண்டும் என்று நினைப்பவன் முன்பக்கமாக வருவான். பிழைக்காத பயிரோடு வெறுத்துப் போனவன் பின்பக்கமாகப் போவான். நடுவில் ஒரு துணித்திரை. நாஞ்சில் நாட்டு நெல்வயலின் கதி முழுவதையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

அந்த வயல் என் அப்பா எனக்குக் கொடுத்தது. பத்திரம் என் பெயரில். இவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பி வந்த நாளிலிருந்து, "வித்துப் போட்டு நிம்மதியா இருப்போம்" என்று காலைக் காப்பியோடு ஒரு முறை, இரவுக் கஞ்சியோடு ஒரு முறை சொல்லிவந்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வரப்போகிற, மாசியில் அறுக்கிற கும்பப்பூ ஒரு போகம் மட்டும்; போகத்தை எங்கள் ஊரில் 'பூ' என்போம். என் பாதியில் விளைச்சல் குறைந்தால் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பாதியில் குறைந்தால் மனை என்ற சொல்லே வீட்டில் கேட்கக் கூடாது.

இந்த நிலைமைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டது அதற்கு முந்திய போகமான கன்னிப்பூ.

பவுடர் டீச்சர்

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே என்னை ஓர் இயற்கை விவசாய வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் குழுவில் யார் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: சூடோமோனாஸ். மண்ணில் இருக்கிற நல்ல பாக்டீரியா. நாற்று மஞ்சளாகிறதா, சூடோமோனாஸ். தென்னையில் குரும்பை உதிர்கிறதா, சூடோமோனாஸ். ஒரு நாள் ஒருவர் தலைமுடி உதிர்வதைப் பற்றித் தவறுதலாக இந்தக் குழுவில் கேட்டுவிட்டார். அவருக்கும் ஒருவர் அதையே எழுதி, கீழே கும்பிடும் கை படமும் போட்டார்.

நானும் வாங்கினேன். ஆல்பர்ட் கடையில்தான். பாக்கெட் பச்சையும் மஞ்சளுமாக அழகாக இருந்ததால் அதைக் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் வைத்திருந்தான். சாயங்கால வெயில் நேராக அதன்மேல் விழும். இரண்டு பக்கமும் பூச்சிமருந்து டப்பாக்கள் காவல்.

அந்தப் பவுடரை விதையில் கலந்தேன். நாற்றின் வேரை அதைக் கரைத்த தண்ணீரில் முக்கி நட்டேன். சாணத்தோடு சேர்த்து வயலில் தூவினேன். எல்லாம் குழுவில் சொன்னபடி.

இலைச்சுருட்டுப் புழு, கல்யாண வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதுபோல் வந்து இறங்கியது. நெல்லின் ஓலையை நீளவாக்கில் சுருட்டி, உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்கிற புழு அது. இரண்டு வாரத்தில் என் வயல் முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து கிடந்தது.

களை பறிக்க வந்த பெண்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், பயிருக்கு நல்லா பவுடர் போட்டு விட்டிருக்கியளே. பொண்ணு பாக்கவா வாராவ?"

அன்றிலிருந்து நான் பவுடர் டீச்சர். சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஓர் அம்மா என் வயலுக்காக உருக்கமாக ஜெபம் பண்ணினார். பாக்டீரியாவின் பெயர் வாயில் நுழையாமல், "ஆண்டவரே, எங்க சகோதரி நம்பியிருக்கிற அந்த டைனோசரை ஆசீர்வதியும்" என்று முடித்தார். எல்லோரும் கண்ணை மூடி ஆமென் சொன்னார்கள். இவர் மட்டும் ஆண்கள் பக்கத்திலிருந்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

இருட்டறையில் பச்சை வெளிச்சம்

எனக்குத் தூக்கம் வரவில்லை. தோற்றது பயிரா, பாக்டீரியாவா, நானா என்று தெரிந்தாக வேண்டும். மீதி இருந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் விஞ்ஞானி. பெயரைப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். மரியாதைக்கு மேடம் என்றே எழுதுகிறேன்.

மேடம் என் பவுடரில் ஒரு சிட்டிகையைக் கரைத்து ஒரு கண்ணாடித் தட்டில் பூசினார். தன்னுடைய ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவை இன்னொரு தட்டில் பூசினார். சில நாள் கழித்து வரச் சொல்லி, ஓர் இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போய் புறஊதாக்கதிர் விளக்கைப் போட்டார்.

அவருடைய தட்டு பச்சை மஞ்சளாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பாக்டீரியா கூட்டமாக நின்று வெளிச்சம் காட்டுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு என் தட்டைப் பார்த்தேன். கரண்ட் போன வீடு மாதிரி இருந்தது.

"இதுல உசுரே இல்ல டீச்சர்" என்றார் மேடம். "வெயில்ல இருந்து செத்துப்போச்சு. நீங்க போட்டது அதச் சொமந்துட்டு வந்த வெறும் மாக்கல் தூளு."

மயிலாடியில் சிலை கொத்துகிற பட்டறைகளில் பறக்கிற தூளை அள்ளி வந்து வீசியிருந்தாலும் எனக்கு அதே பலன்தான் கிடைத்திருக்கும். புண்ணியமாவது கூட வந்திருக்கும்.

"சரி, உசுரு இருந்தா புழு சாவுமா?"

"சாவாது."

மேடம் நிதானமாகச் சொன்னார். இந்த பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியிருக்கும். அது அங்கே இருப்பதால் செடி முழுக்கவே உஷாராகிவிடும். புழு ஓலையைக் கடிக்கும்போது, செடி தன் எதிர்ப்புச் சத்துகளை வழக்கத்தைவிட வேகமாகச் சுரக்கும். அந்த ஓலையைத் தின்கிற புழுவுக்குத் தின்றது சேராது. மெதுவாக வளரும், நோஞ்சானாக நிற்கும். நோஞ்சான் புழு கூடுதல் நாள் வெளியே கிடந்து அலைவதால் குளவிக்கும் சிலந்திக்கும் லேசாக மாட்டும்.

"அப்பம் புழுவுக்கு அஜீரணம்?"

"அப்படியே வச்சுக்கிடுங்க." சிரித்துவிட்டு விரலை நீட்டி எச்சரித்தார். "இது ஓலையக் கடிச்சுத் தின்னுத பூச்சிக்கு மட்டும் சொன்னது. சாறு உறிஞ்சுத பூச்சின்னா கத வேற. சிலதுக்கு இது ஒண்ணும் செய்யாது. சில பயிர்ல அசுவினிப் பூச்சி முன்னவிட செழிப்பாட்டு வளந்ததையும் பாத்திருக்காவ."

"எங்க குழுவுல இத ஒருத்தரும் சொல்லலியே மேடம்."

"சொல்லிப் பாருங்க. ஒங்கள வெளிய தள்ளிருவாவ."

அன்று இரவே சொன்னேன். தள்ளிவிட்டார்கள்.

மறுநாள் செத்த பாக்கெட்டோடு ஆல்பர்ட் கடைக்குப் போனேன். வெயிலில் வைத்து விற்கலாமா என்று கேட்டதற்கு அவன் கொஞ்சமும் அசரவில்லை. "செத்தாலும் பாக்டீரியா பாக்டீரியாதான மைனி" என்றான். சொல்லிவிட்டு, "எதுக்கு இந்தத் தொந்தரவு? அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், நல்ல பார்ட்டி ஒண்ணு வந்திருக்கு" என்று பின்பக்கத் திரையை விலக்கினான். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அந்த நீலக்கயிறு வந்தது.

வரப்புக்கு ரெண்டு பக்கம்

கும்பப்பூவுக்கு மேடத்திடமிருந்து உயிருள்ள பாக்டீரியா வாங்கி வந்தேன். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் ஈரத்துணி சுற்றி வைத்தேன். விதைக்கும் வேருக்கும் மண்ணுக்கும் முறைப்படி கொடுத்தேன். வயலின் நடுவே கயிறு இருந்த இடத்தில் நல்ல உயரமாக வரப்பு எழுந்தது.

வரப்புக்கு அந்தப் பக்கம் இவருடைய ராஜ்ஜியம். யூரியாவை வாரி இறைத்தார். பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பாதியைப் பார்த்து, "கொள்ளாமே!" என்று மெச்சினார்கள். என் பாதியைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஐப்பசி மழை மூடாப்பில் இலைச்சுருட்டு வந்தது. வரப்பைப் பார்த்து ஒதுங்கவில்லை. இரண்டு பக்கமும் வந்தது. ஆல்பர்ட் ஒரு டப்பாவோடு ஓடி வந்தான். இவர் அடித்தார். மறுநாள் காலை அவர் பக்கத்தில் புழு ஒன்றுகூட உயிரோடில்லை. செத்த புழுவை உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்து, சவுதியில் தம்மாமிலிருக்கும் பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"ஏட்டி ஹெலன், ஒன் புழு சாவல்லியே?"

"சாவாது. அதுக்கு அஜீரணம்."

"அஜீரணமா? இஞ்சிக் கஷாயம் போட்டுக் குடுக்கட்டா?"

வரப்பில் நின்ற ஆல்பர்ட் சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்தது.

அவர்கள் போன பிறகு நான் சுருட்டிய ஓலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். புழு இருந்தது. ஆனால் கன்னிப்பூவில் பார்த்த கொழுத்த புழு இல்லை. மெலிந்து, சோர்ந்து, விரலால் தொட்டாலும் துள்ளாமல் கிடந்தது. ஓலையில் வெள்ளைக்கோடும் குட்டையாக இருந்தது. சிலவற்றின் பக்கத்தில் குளவி வைத்த வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் இதை யாரிடம் காட்டுவது? செத்த புழுவைக் காட்டினால் ஊர் நம்பும். பசி மந்தமான புழுவைக் காட்டினால் ஊர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கும்.

பயமும் இருந்தது. ஒரு சாயங்காலம் ஆல்பர்ட் சுருட்டிய தாள் ஒன்றோடு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தான். எங்கள் வயல்தான். நடுவில் தார் ரோடு, இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக மனைகள், ஓரத்தில் குழந்தைகள் பூங்கா. மேலே கொட்டை எழுத்தில் 'ஹெலன் நகர்'.

"மைனி பேரையே வச்சிட்டேன். சந்தோஷந்தான?"

பயிர் இன்னும் கதிர்கூடத் தள்ளவில்லை. அன்றைக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. போன் பண்ணி மருந்தடிக்க ஆள் சொல்லிவிடலாமா என்று ஒரு முறை எண்ணைக்கூட அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

தீ இல்லாமல் எரிந்தது

இவர் இரண்டாவது முறை அடித்தார். மூன்றாவது முறையும் அடித்தார். அடிக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. டப்பா வாங்கியாகிவிட்டது, வீணாக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இலைச்சுருட்டு செத்தது. கூடவே பயிருக்குள் வலை கட்டியிருந்த சிலந்திகளும், இன்னும் பேர் தெரியாத நல்ல ஜீவன்களும் செத்தன.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை. அவருடைய கரும்பச்சைப் பாதியின் நடுவில் வட்டமாக ஓரிடம் காய்ந்து கிடந்தது. யாரோ தீ வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. புகையான். பயிரின் அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற சின்னத் தத்துப்பூச்சி. யூரியா தின்று கொழுத்த பயிர் என்றால் அதற்கு உயிர். அதைத் தின்ன அங்கே சிலந்தி இல்லை.

அவர் இன்னும் கடுமையான மருந்தை அடித்தார். வட்டம் பெரிதானது. பக்கத்தில் இன்னொரு வட்டம் விழுந்தது.

என் பாதிக்கும் புகையான் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். என் பாக்டீரியா அதைத் தடுத்தது என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய். என் பக்கத்தில் மருந்து விழாததால் ஒவ்வொரு தூரிலும் சிலந்தி இருந்தது. அவை பார்த்துக்கொண்டன. நான் செய்தது, செய்யாமல் இருந்ததுதான்.

மறுநாள் விடிந்ததும் இவரைக் காணோம். வயலுக்குப் போனேன். வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பல மாதமாக அந்த நேரத்துக்காகவே நான் சில வசனங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். கஷாயத்தைப் பற்றி ஒன்று, தம்மாம் கூட்டாளிகளைப் பற்றி ஒன்று. எல்லாமே நல்ல வசனங்கள்.

அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "ஏசி ஓடலேன்னா எந்தப் பாகம் போச்சுன்னு கைய வச்சாலே எனக்குத் தெரியும். இதுல எத மாத்தணும்னே தெரியல்ல ஹெலன்."

அந்த வசனங்களை வரப்பிலேயே விட்டுவிட்டேன்.

"மருந்தடிக்கிறத நிறுத்துங்க மொதல்ல" என்றேன். "வெள்ளத்த வடிச்சு விடுவோம். பயிர வெலக்கி விட்டா வெயிலும் காத்தும் தூருல படும். புகையானுக்கு அது புடிக்காது."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கம் இறங்கினேன். ஒப்பந்தப்படி நான் கையே வைக்கக் கூடாத பக்கம். இருவருமாக மடையைத் திறந்தோம். வரிசை வரிசையாகப் பயிரை இரண்டு பக்கமும் சாய்த்து வகிடெடுத்துவிட்டோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் வாய் திறக்காமல் ஒரு முழுப் பகலைக் கழித்தது அன்றைக்குத்தான். அதில் நல்லதும் நடந்தது. வட்டம் அதற்குமேல் பெரிதாகவில்லை.

வெயில் சாயும் நேரம் ஆல்பர்ட் பைக்கில் வந்தான். கையில் அந்தச் சுருட்டிய தாள். காய்ந்த வட்டத்தைப் பார்த்து அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இவரும் பார்த்தார்.

"விடுங்கண்ணே, நல்லதாட்டுப் போச்சு. காஞ்சு கெடந்தா லாரி எறங்கி மண்ணடிக்க லேசா இருக்கும்."

என் வீட்டுக்காரர் அவனைத் தூக்கி வளர்த்தவர். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. சேற்றிலிருந்து மெதுவாகக் கரையேறி, அந்தத் தாளை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"லேய், மருந்து தந்தவனும் நீ. மண்ணடிக்க வாறவனும் நீ. எனக்கு இப்பந்தாம்ல ஒன் கடைக்க நடுவுல கெடக்க திர தெரியுது."

"அண்ணே, நான் ஒங்க நல்லதுக்கு…"

"எறங்குலே வரப்ப விட்டு!"

தாளைச் சேற்றில் போட்டு மிதித்தார். என் பெயரையும் சேர்த்துத்தான் மிதித்தார். நான் ஆட்சேபிக்கவில்லை.

அறுவடையில் என் பாதிதான் கூட. எவ்வளவு கூட என்று எழுத மாட்டேன். எழுதினால் ஏதாவது ஒரு குழுவில் அதை இரண்டாகப் பெருக்கிப் போட்டுக் கீழே கும்பிடும் கை வைப்பார்கள். வரப்பை வெட்டி வயலை மறுபடி ஒன்றாக்கினோம். மனை என்ற பேச்சு அதன்பிறகு வீட்டில் இல்லை.

நிபுணர்

கதை இத்துடன் முடிந்திருந்தால் என் வீட்டுக்காரர் நல்லவராகவே முடிந்திருப்பார்.

அடுத்த போகத்தில் முழு வயலுக்கும் பாக்டீரியா கொடுத்தோம். அவர்தான் முன்னின்று எல்லாம் செய்தார். செய்துகொண்டே பேசவும் ஆரம்பித்தார். முதலில் டீக்கடையில். பிறகு தம்மாம் குழுவில். "நம்ம வயல்ல நான் ஒரு பரிசோதன செஞ்சேன் பாத்துக்க" என்று தொடங்குவார். என்னைத் தள்ளிவிட்ட இயற்கை விவசாயக் குழு அவரை அழைத்துச் சேர்த்துக்கொண்டது. ஆல்பர்ட் திரையைக் கழற்றிவிட்டு, குளிர்பானப் பெட்டி ஒன்று வாங்கி, கலர் பாட்டில்களுக்கு நடுவே பாக்டீரியாவை அடுக்கினான். அண்ணனும் தம்பியும் சமாதானம்.

கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம். வாசலில் இவருடைய படம் போட்ட பேனர்: 'நுண்ணுயிர் நிபுணர்'. பொன்னாடை போர்த்தினார்கள். வரவேற்றவர், "அன்னாருக்கு ஒத்துழைப்பு நல்கிய துணைவியாரும் வந்திருக்கிறார்" என்றார். நான் இரண்டாவது வரிசையில் எழுந்து, கும்பிட்டு, உட்கார்ந்தேன்.

இவர் பேசினார். நன்றாகவே பேசினார். பேசப் பேச பாக்டீரியாவின் பராக்கிரமம் கூடிக்கொண்டே போனது. இலைச்சுருட்டு ஓடியது. தண்டுத்துளைப்பான் ஓடியது. "புகையானும் கிட்ட வராது!" என்று முடித்தார். கைதட்டல்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வெயிலில் கறுத்த முகம். கைதட்டாதவள் அவள் ஒருத்திதான்.

"சார், நீங்க வாட்ஸப்புல சொன்னியன்னு நம்பி, புகையானுக்கு வேற ஒண்ணும் பாக்காம இருந்தேன். போன பூவுல பாதி வயலு எரிஞ்சு போச்சு. நான் எதுல தப்புப் பண்ணினேன்?"

இவர் தொண்டையைச் செருமினார். பொன்னாடையைச் சரிசெய்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, எந்தப் பாகம் போச்சு என்று தெரியாத அந்தப் பழைய முகத்தோடு இரண்டாவது வரிசையைப் பார்த்தார்.

"இதுக்கு… இதுக்கு என் உதவியாளர் பதில் சொல்லுவா."

நான் மேடைக்குப் போனேன். மைக்கை வாங்கினேன். அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பேசினேன்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. ஒங்களுக்குச் சொன்னதுதான் தப்பு. ஓலையக் கடிக்கிற புழுவ இது மந்தமாக்கும். புகையானுக்கு இது போதாது. அதுக்குச் சிலந்திய வாழ விடணும், யூரியாவக் கொறைக்கணும், வயலுக்குள்ள எறங்கித் தெனமும் தூரப் பாக்கணும்."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே அடுத்த கேள்வி கேட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னொருவர் எழுந்தார். பாக்கெட்டை எங்கே வைக்க வேண்டும், தேதி எப்படிப் பார்க்க வேண்டும், செத்ததை விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. முதல் வரிசையில் ஆல்பர்ட் காலாலேயே செருப்பைத் தேடினான்.

"போதும் ஹெலன், நேரமாச்சு" என்று பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார் நிபுணர். சொல்லிவிட்டு மைக்குக்காகக் கையை நீட்டினார்.

நான் மைக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.